வெப்ப காலத்தில் இறைச்சிக் கோழிகளின் தீன்

பதுளை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளை, பண்டாரவளைத் தோட்டங்களின் குளிர்ச்சி இங்கில்லை. ஆனி முதல் ஆவணி வரை, மத்திய மலைகளைக் கடந்து இறங்கும் வறண்ட கச்சான் காற்று ஊவாவின் தாழ்ந்த பகுதிகளை வாட்டும். தகரக் கூரையின் கீழ் வளரும் இறைச்சிக் கோழிகளுக்கு அது ஆபத்தான காலம். விற்பனைக்கு ஆயத்தமான கனத்த கோழிகளே முதலில் மடியும். அவற்றுடன் ஐந்தாறு வாரத் தீனின் செலவும் போகும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாய் திறந்து மூச்சிரைத்தே அது வெப்பத்தை வெளியேற்றும். உணவு செரிக்கும்போது உடலில் மேலும் வெப்பம் உண்டாவதால் தீன் உண்பதையும் குறைத்துக்கொள்ளும். இவ்வெப்பம் புரதத்தால் மிகுதியாகவும் கொழுப்பால் குறைவாகவும் உண்டாகிறது. கொழுப்பு நிறைக்கு நிறை மாச்சத்தினும் இருமடங்குக்கு மேற்பட்ட சக்தி தருவது. ஆகவே வீட்டில் தீன் கலப்போர் சோளத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, 100 கிலோவுக்கு 3 கிலோ வரை தேங்காயெண்ணெய் சேர்க்கலாம். கொழுப்பு முன்னரே சேர்ந்த ஆலைத்தீனில் மேலும் எண்ணெய் ஊற்றுவது வீண். வயிற்றுக் கொழுப்பே பெருகும். எண்ணெய் கலந்த தீன் வெப்பத்திற் காறல் வாடை கொள்ளுமாதலால், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலத்தல் நன்று.

மூச்சிரைப்பால் காபனீரொட்சைட்டு மிகுதியாக வெளியேறும்; உடலின் உப்புச் சமநிலை குலையும். தீன் கிலோவுக்கு 3 கிராம் அப்பச்சோடா நீர் அருந்துதலைத் தூண்டும். மிஞ்சினால் எச்சம் நீர்த்துக் கூளம் நனையும். விற்றமின் சீ கிலோவுக்கு 200 மில்லிகிராம் போதும்.

இவை யாவும் தண்ணீருக்கு அடுத்தவையே. வெயில் ஏறுமுன் தீன் தொட்டியை உயர்த்திவிட்டு, மாலையில் இறக்குக. குளிர்ந்த நீர் நாள் முழுவதும் இருத்தல் வேண்டும்.