கேட்டில் நிற்காத மூட்டை

நம்ம ஆம்பூர் டேனரிக்குத் தோல் மூட்டை வந்தா கேட்ல எழுதணும், ஆபீஸ்ல கையெழுத்து, மறுபடி எண்ணணும், அப்புறம்தான் குடோன். கம்ப்யூட்டருக்கு வரும் தகவலுக்கும் இதே பாடுதான். ஒரு இடத்தில் இறக்கி, மறுபடி நகலெடுத்துத்தான் புரோகிராமிடம் போகும். பிராசசர் சுமைதூக்கி ஆயிடும்!

ஆர்.டி.எம்.ஏ. முறையில் நினைவகத்தின் ஒரு பகுதிக்கு முன்னாடியே சாவி எண் கொடுத்துவிடுவார்கள். அந்த எண் தெரிந்த வேறு கம்ப்யூட்டரின் கார்டு நேராக அங்கேயே எழுதிவிடும். பிராசசரைத் தொந்தரவு செய்வதில்லை.

கூட்டாகக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர்களுக்கு இந்த வேகம் உயிர். 2004-ல் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 144 கம்ப்யூட்டர்களை இணைத்து 'கப்ரு'வை அமைத்தது. உலகின் முதல் 500-ல் இடம் பிடித்தது! ஆனால் அதன் முக்கிய இணைப்பு எஸ்.சி.ஐ. என்ற தனி வலை. பிறகு பரவிய இன்பினிபேண்டுக்கும் தனி கார்டு, தனி கேபிள். விலையைக் கேட்டா மயக்கம் வரும்.

2010-ல் 'ரோசி' விதி வந்தது. அதே வேலை ஈதர்நெட்டில்! இதற்காக லினக்ஸின் 'லிப்ஐபிவெர்ப்ஸ்' நூலகத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. ஏன்? இன்பினிபேண்டில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எல்.ஐ.டி. என்ற உள்ளூர் எண் உண்டு. ஈதர்நெட்டில் அது கிடையாது, ஜி.ஐ.டி. என்ற 128 பிட் முகவரிதான். அதனால் "நீ எந்த வகை இணைப்பு?" என்று போர்ட்டைக் கேட்கும் வசதியைச் சேர்த்தார்கள். கேட்காத பழைய புரோகிராம், எல்.ஐ.டி. இடத்தில் 0-வைப் பார்த்து முழிக்கும்.

2016 முதல் லினக்ஸில் 'சாஃப்ட் ரோசி'யும் உண்டு. லேப்ல இருக்கிற சாதாரண ஈதர்நெட் கார்டிலேயே பழகலாம். வேகம் மட்டும் எதிர்பார்க்காதீங்க, அங்கே மூட்டை தூக்குவது மறுபடியும் பிராசசர்தான்!