பையைப் பார்க்கிறார்கள், படகைப் பார்க்கிறார்களா?

நம் தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சோதனை என்பது புதிதல்ல. சென்னைத் துறைமுகத்திலோ ஹாடோ துறையிலோ கப்பல் ஏறும்போது மூட்டையைப் பிரிக்கச் சொல்வார்கள். விமானம் என்றால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், சட்டைப்பையைக் காலி செய்ய வேண்டும். ஊறுகாய் பாட்டிலுக்காக அங்கே வாதாடாத தாய்மார் நம்மிடையே குறைவு. இவ்வளவும் செய்த பிறகு நாம் முன்னைவிடப் பாதுகாப்பாக இருக்கிறோமா? தண்டவாளமே இல்லாத இந்தத் தீவுகளுக்கு வந்து சேர்ந்த ஒரு பழைய ரயில்வேக்காரன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

சோதனையெல்லாம் வீண் என்று சொல்பவன் அல்ல நான். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டனர். குண்டு இருந்த பெட்டியை ஏற்றக் கொடுத்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. அன்று டொரன்டோவில் எக்ஸ்ரே இயந்திரமும் பழுதாகி நின்றிருந்தது. ஆள் ஏறாவிட்டால் அவர் பெட்டியும் போகக்கூடாது என்ற விதி மட்டும் உறுதியாகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், எக்ஸ்ரே இல்லாமலே அந்தப் பெட்டி தரையில் நின்றிருக்கும். அந்த நாட்களில் நம்மூர் விமான நிலையங்களில், வெயிலில் வரிசையாக அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே போய் நம்முடையதைத் தொட்டுக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் அர்த்தமுள்ள வேலை. எங்கள் தொழிலில் இதை இன்டர்லாக்கிங் என்போம். கேட்டை மூடிப் பூட்டினாலொழிய சிக்னலை இறக்க முடியாது. கேட்கீப்பர் கண்ணயர்ந்தாலும் ரயிலுக்கு வழி கிடைக்காது.

கைப்பையில் கட்டிய அட்டையில் முத்திரை குத்தும் வழக்கமும் இருந்ததே! அதை 2017 முதல் படிப்படியாகக் கைவிட்டார்கள். முத்திரை போனதால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

விமானத்துக்கு ஒரே வாசல். அந்த வாசலில் நின்று பார்த்தால் பலன் உண்டு. ரயிலுக்கோ ஆயிரம் வாசல். பெரிய நிலையங்களில் நிலைப்படி போல நிறுத்தியிருக்கும் மெட்டல் டிடெக்டரைப் பாருங்கள். எல்லோர் பையிலும் சாவியும் சில்லறையும் கைப்பேசியும் இருப்பதால் அது ஓயாமல் கத்துகிறது. ஓயாமல் கத்துவதை யாரும் காதில் வாங்குவதில்லை. 2014 மே 1 காலை, பெங்களூரிலிருந்து குவாஹாத்திக்குச் செல்லும் ரயில் சென்னை சென்ட்ரலுக்கு வந்து நின்ற சில நிமிடங்களில் இரண்டு பெட்டிகளில் குண்டுகள் வெடித்தன. ஓர் இளம்பெண் இறந்தார், பதினான்கு பேர் காயமடைந்தனர். குண்டு ரயிலோடு வந்து சேர்ந்தது. சென்ட்ரல் வாசலில் எத்தனை நிலைப்படி வைத்திருந்தாலும் அதற்கு என்ன செய்திருக்க முடியும்?

இதற்கு நேர்மாறான ஒன்று 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நடந்தது. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப்பெட்டியில் விதிக்கு மாறாகச் சமையல் எரிவாயு சிலிண்டர் இருந்தது. விடியற்காலையில் தீப்பிடித்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். சிலிண்டர் என்ன, சட்டைப்பையில் ஒளித்து வைக்கும் பொருளா? பெட்டிக்குள் ஏறி ஒருமுறை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். வழியில் எத்தனையோ நிலையங்களில் நின்று வந்த பெட்டி அது.

நம் தீவுக்கே வருகிறேன். 2014 ஜனவரி 26. குடியரசு நாள், நாடெங்கும் காவலும் சோதனையும் பலமாக இருக்கும் நாள். அன்றுதான் ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் நடுவே அக்வா மரைன் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தனர். பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த நம் மக்கள். 25 பேருக்கான படகில் ஏறத்தாழ இரு மடங்கு பேர் ஏறியிருந்தார்கள். விமானத்தில் வந்தாலும் கப்பலில் வந்தாலும், பையைக் காட்டாமல் இந்தத் தீவுகளுக்கு யாரும் வந்து சேர முடியாது. ஆனால் கடைசியில் அவர்களைக் கொன்றது எந்தப் பையிலும் இல்லை. 26-ஆவது ஆள் கால் வைத்தபோது "போதும், அடுத்த படகில் வாருங்கள்" என்று சொல்லித் தடுக்கவேண்டியவர் தடுக்கவில்லை. விரல்விட்டு எண்ணுகிற வேலை அது.

துப்பாக்கியையும் குண்டையும் தேடுகிறவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர்கள் தேடுவது அரிதாக வரும் ஆபத்து; அதைத் தேட ஆளும் பணமும் கிடைத்துவிடுகின்றன. தினமும் கண்முன்னே நிற்கும் ஆபத்தை எண்ணிப் பார்க்கத்தான் ஆள் இருப்பதில்லை.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துப் போவது ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும்தான். 2018-இல் ராஸுக்கு நேதாஜியின் பெயரை வைத்துவிட்டாலும் நம் வாயில் வருவது ராஸ்தான். படகில் ஏறுமுன் எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்டுவிட்டு, தலைகளை நீங்களே எண்ணிப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் குழந்தையின் அளவுக்கு இருக்கிறதா, கழுத்து வழியே நழுவுகிறதா என்று போட்டே பாருங்கள். கூட்டம் மிஞ்சினால் இறங்கிவிடுங்கள். மைத்துனர் முகம் சுளிப்பார். அடுத்த படகு வரும்வரை அவருக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுங்கள்.