ஆயில் அழுத்தமானியின் முள் கூறுவதென்ன?

டிராக்டர் வைத்திருக்கும் உழவர்கள் டீசல் அளவையும் ரேடியேட்டர் தண்ணீரையும் தவறாமல் பார்க்கின்றனர். ஆனால் ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள ஆயில் அழுத்தமானியைப் பலரும் கவனிப்பதில்லை. சேற்றுழவு மும்முரமாக நடைபெறும்போதோ, கரும்பு ஏற்றி ஆலைக்குச் செல்லும் வழியிலோ எஞ்சின் திடீரெனப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், கிராங்கைக் கடைசல் பிடித்து, பேரிங் மாற்றி, எஞ்சினைத் திரும்பக் கட்டி முடிப்பதற்குள் பருவம் தவறிவிடும். இத்தகைய பழுதுகளில் பலவற்றை இந்தச் சிறிய முள் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. லாரிக்கும் இது பொருந்தும்.

அழுத்தம் உண்டாவது எவ்வாறு?

எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து ஆயிலை ஒரு பம்பு உறிஞ்சி, பில்டர் வழியாக மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், கேம் ஷாப்ட், ராக்கர் ஆகிய பகுதிகளுக்குத் தள்ளுகிறது. கிராங்கிற்கும் பேரிங்கிற்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. இக்குறுகிய இடைவெளி ஆயிலைத் தடுப்பதால்தான் அழுத்தம் உண்டாகிறது. விசைத்தெளிப்பானின் நாசில் துளை தேய்ந்து அகன்றுவிட்டால் அழுத்தம் குறைந்துவிடுவதை உழவர்கள் அறிவார்கள். பேரிங் தேய்ந்தாலும் அதுவே நிகழ்கிறது.

ஆகவே, இம்மானி ஆயிலின் அளவைக் காட்டுவதன்று. தொட்டி நிறைய ஆயில் இருந்தும் பம்பு பழுதானால் முள் பூஜ்யத்திற்கு இறங்கும். ஆயில் குறைந்திருந்தும், பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும் வரை முள் சரியாகவே நிற்கும். அளவுக்குச்சியைப் பார்ப்பதும் மானியைப் பார்ப்பதும் வெவ்வேறு வேலைகள், இரண்டும் தேவை.

முள்ளைப் படிக்கும் முறை

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் கெட்டியாக இருப்பதால் முள் உயர்ந்தே நிற்கும். இதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். எஞ்சின் நன்றாக உள்ளது என முடிவு செய்யவும் வேண்டாம். எஞ்சின் சூடேறிய பின் காணும் அளவே உண்மையான அளவு.

நன்கு சூடேறிய பல டீசல் எஞ்சின்களில், வேலை செய்யும் வேகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 4 கிலோ வரையும், மெதுவாக ஓடும்போது சுமார் 0.7 முதல் 1 கிலோ வரையும் அழுத்தம் இருக்கும். நிமிடத்திற்கு 1,000 சுற்றுக்கு சுமார் 0.7 கிலோ, அதாவது 10 பவுண்டு, என்பது மெக்கானிக்குகள் பின்பற்றும் பொதுக் கணக்கு. எனினும் வண்டியுடன் தரப்பட்ட கையேட்டில் உள்ள அளவே முடிவானது. சில மானிகளில் அளவு பவுண்டில் இருக்கும். 1 கிலோ சுமார் 14 பவுண்டுக்குச் சமம். 'பார்' என்ற அளவு ஏறக்குறைய கிலோவுக்குச் சமமே. ஏர் பிரேக் உள்ள லாரிகளில் காற்றழுத்தமானியும் இருக்கும். அதை ஆயில் மானியென எண்ணிவிடக் கூடாது.

சிவப்பு விளக்கு மட்டும் போதுமா?

சில வண்டிகளில் மானிக்குப் பதில் சிவப்பு விளக்கு மட்டுமே இருக்கும். அழுத்தம் பெரும்பாலும் அரை கிலோ அளவுக்கு இறங்கிய பின்னரே இவ்விளக்கு எரியும். அதாவது ஆபத்து நெருங்கிய பின்தான் அது பேசும். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியாவிட்டால் பல்போ, ஒயரோ, சுவிட்சோ பழுது. அன்றே சரிசெய்ய வேண்டும்.

அழுத்தம் குறைந்தால் பார்க்க வேண்டியவை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, 10 நிமிடம் கழித்து அளவுக்குச்சியைப் பார்க்கவும். வரப்பு ஏறும்போதும் சரிவிலும் முள் ஆடினால், ஆயில் குறைந்து பம்பு காற்றை உறிஞ்சுகிறது எனக் கொள்ளலாம்.

2. ஊற்றாமலே ஆயில் அளவு ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். டீசல் வாடை அடித்தால் டீசல் கலந்து ஆயில் நீர்த்துவிட்டது. பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் இறங்கியுள்ளது. எதுவாயினும் காரணத்தைக் கண்டு சரிசெய்த பின்னரே புது ஆயில் ஊற்ற வேண்டும். டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பது மட்டும் பழுதின் அடையாளமன்று.

3. மானியே பொய் சொல்லக்கூடும். மெக்கானிக்கைக் கொண்டு சென்சாரைக் கழற்றி, அவ்விடத்தில் தனி மானியைப் பொருத்தி ஒப்பிட்டுப் பார்க்கவும்.

4. இவை சரியாக இருப்பின் உறிஞ்சும் சல்லடை அடைப்பு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு திறந்தபடி நிற்பது, பம்புத் தேய்மானம், பேரிங் தேய்மானம் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

பில்டர் அடைத்துக்கொண்டால் முள் அதை எப்போதும் காட்டிவிடாது. பல எஞ்சின்களில் அப்போது பக்கவழி வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் பேரிங்கிற்குச் செல்லும். எனவே கையேட்டில் உள்ள மணிக்கணக்கின்படி ஆயிலையும் பில்டரையும் சேர்த்தே மாற்றுதல் நன்று.

கெட்டி ஆயில் மருந்தல்ல

முள்ளை உயர்த்துவதற்காகக் கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றும் வழக்கம் உண்டு. கெட்டி ஆயிலால் முள் ஏறும்; தேய்ந்த பேரிங் சரியாகிவிடாது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அந்த ஆயில் தொலைவிலுள்ள ராக்கருக்குச் சென்று சேரத் தாமதமாகி, அங்கும் தேய்மானம் கூடும். கையேட்டில் 20டபிள்யூ-40 என்றோ 15டபிள்யூ-40 என்றோ இருந்தால் அதையே வாங்கவும்.

முள் விழுந்தால்

வேலையின் நடுவே முள் பூஜ்யத்திற்கு விழுந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ, அங்கேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சாலையில் சென்றால் உடனே ஓரங்கட்டி நிறுத்தவும். 'இந்த ஒரு சாலை முடித்துவிடலாம்', 'வீடு வரை ஓட்டிவிடலாம்' என்ற எண்ணமே எஞ்சினுக்கு எமன். 2,000 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டினாலும், ஆயில் படலமின்றி கிராங்க் பேரிங்கின்மேல் 2,000 முறை தேய்ந்துவிடும். பேரிங் மாற்றுவதோடு முடியவேண்டிய செலவு கிராங்கையும் சேர்த்து மாற்றும் செலவாகிவிடும்.

மாதம் ஒருமுறை, எஞ்சின் நன்கு சூடேறிய பின், மெதுவாக ஓடும்போதும் வேலை வேகத்திலும் முள் காட்டும் அளவுகளை, மணிமானியின் எண்ணோடு ஒரு நோட்டில் குறித்து வைக்கவும். ஒரே ஆயிலில், ஒரே வேகத்தில் அளவு மாதாமாதம் இறங்கி வந்தால் தேய்மானம் நடந்துகொண்டிருக்கிறது எனக் கொள்ளலாம். வேலையற்ற கோடையிலேயே எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டால், உழவு நாளில் வண்டி வயலில் நிற்காது.