பாட்டியார் பேசினார், காமிரா தூங்கிற்று!

சில வருஷங்களுக்கு முன் நாம் ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தோம். தொண்ணூறு வயதைக் கடந்த பாட்டியார் ஒருவரைப் பேட்டி கண்டு, வீடியோப் படமாக எடுத்து வருவது நம் நோக்கம். அவருடைய தந்தையார் 1942-ஆம் வருஷத்து இயக்கத்தில் சிறை சென்றவர். "அப்போது மிகவும் கஷ்டப்பட்டீர்களோ?" என்று கேட்டோம். "ஆமாம்" என்றார். "பயமாக இருந்ததோ?" என்றோம். "இல்லை" என்றார். இவ்விதமாக முப்பது கேள்விகளுக்கு முப்பது வார்த்தைகள் கிடைத்தன.

காமிராவைப் பையில் வைத்துக் கட்டினோம். அப்போதுதான் பாட்டியார் மூலையிலிருந்த பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்து வந்தார். அபராதத்துக்காக வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் ஜப்தி செய்தபோது, சிறுமியாயிருந்த தாம் அதை மட்டும் வைக்கோற்போரில் ஒளித்து வைத்த கதையைச் சொல்லத் தொடங்கினார். நாம் பையை அவிழ்ப்பதற்குள் கதை முடிந்துவிட்டது. மூன்று மாதத்தில் பாட்டியாரும் காலமானார்.

பிழை காமிராவினுடையதன்று, நம் கேள்விகளுடையதேயாகும்.

1931-ஆம் வருஷம் குஜராத்திலுள்ள போர்சாத் என்னும் ஊரில், அமெரிக்காவின் பாக்ஸ் மூவிடோன் செய்திப்படக்காரர்கள் மகாத்மா காந்தியைப் பேட்டி கண்டு பேசும்படம் எடுத்தார்கள். காந்திஜி தரையில் அமர்ந்திருக்கிறார். மதுவிலக்கு வருமா, மறுபடி சிறை செல்லச் சித்தமா என்ற கேள்விகளுக்கு ஒரே வரியில் விடை சொல்கிறார். சுதந்திரத்துக்காக உயிரையும் விடுவீர்களா என்றதற்கு, அது நல்ல கேள்வியல்ல என்று முடித்துவிடுகிறார். லண்டனுக்கு எந்த உடையில் செல்வீர்கள் என்று கேட்ட பிறகுதான் பேச்சு வளர்கிறது. சீதோஷ்ணம் இடங்கொடுத்தால் இதே உடைதான் என்றும், மன்னர் விருந்துக்கு அழைத்தாலும் செயற்கையாக வேறு உடை தரிப்பது அவருக்கே மரியாதைக் குறைவு என்றும் விளக்குகிறார். அவ்வருஷம் நவம்பரில் அப்படியே பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் போய் வந்தார்.

பெருமை பேசத் தூண்டும் கேள்வி வாயை அடைத்துவிடுகிறது. ஒரு துணியைப் பற்றிய கேள்வி மனத்தைத் திறந்துவிடுகிறது. காந்திஜியின் ஒற்றை வார்த்தைக்காக உலகம் காத்திருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களின் ஒற்றை வார்த்தைக்கு யார் காத்திருக்கிறார்கள்?

1935-இல் இங்கிலாந்தில் 'ஹவுஸிங் பிராப்ளம்ஸ்' என்ற படம் வெளிவந்தது. லண்டன் சேரிவாசிகள் தங்கள் வீட்டிலேயே நின்று, காமிராவைப் பார்த்துத் தங்கள் பாஷையில் பேசினார்கள். எலியுடன் போராடிய கதையை ஓர் அம்மாள் சொல்லும் விதத்தை எந்த நடிகையாலும் சொல்ல முடியாது. அவர்களுக்குத் தைரியமூட்டிப் பேசவைத்தவர் ரூபி கிரியர்ஸன் என்ற பெண்மணி. படத்தின் உயிர் அந்தச் சிநேகத்தில் இருந்தது.

ஆகவே, நேயர்கள் பேட்டி எடுக்க நினைத்தால் நம் அனுபவத்தைக் கைக்கொள்ளலாம். பெரியவரை ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். மோவாய்க்கு ஒரு சாண் கீழே சிறிய மைக்கைப் பொருத்துங்கள்; படம் சற்று மங்கினாலும் பார்ப்பவர் பொறுப்பர், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவர். நீங்கள் காமிராவை ஒட்டி, அவர் கண்ணுக்குச் சம உயரத்தில் அமருங்கள். அவர் யந்திரத்தோடன்றி மனிதரோடு பேசட்டும்.

ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளை விட்டு, "அன்று காலை என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கையில் ஒரு பழைய பொருளைக் கொடுங்கள். கதையை முன்கூட்டியே சொல்லச் சொல்லாதீர்கள். முதல் தடவை வரும் சுவை மறுதடவை வராது. விடை முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல், ஐந்து விநாடி சும்மா இருங்கள். உண்மையான விடை பல சமயம் அந்த மௌனத்துக்குப் பின்னரே வருகிறது. எல்லாம் முடிந்தது என்று தோன்றிய பின்னும் காமிராவை நிறுத்தாதீர்கள். ஆனால் அது ஓடிக்கொண்டிருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். எடுத்த படத்தை முதலில் அவருக்கே காட்டி, சம்மதம் பெற்ற பிறகே பிறருக்குக் காட்டுங்கள்.

இன்று வீட்டுக்கு வீடு காமிராவுடன் கூடிய கைப்பேசி இருக்கிறது. கல்யாணத்தையும் சாப்பாட்டு இலையையும் படம் பிடிக்கும் நாம், திண்ணையில் அமர்ந்திருக்கும் சரித்திரத்தை மறந்துவிடலாமா? பாட்டியாரின் சொம்பு அவர் பேரன் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் சொம்பு பேசாதல்லவா?