மின்னொலியில் ஆடும் பாம்பு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் பிறந்த எங்களுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் வளர்ந்த மொழிகள். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆனால் பாட்டுக்கு எல்லைக்கல் கிடையாது.

திருவனந்தபுரத்தில் 2003இல் தொடங்கிய 'அவியல்' என்ற ராக் குழு, 2008இல் தன் பெயரிலேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டது. கிதாரும் டிரம்ஸும் போதாதென்று டோனி ஜானின் டர்ன்டேபிளையும் மின்னணு ஒலிகளையும் சேர்த்தார்கள். சுழலும் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தினால், பதிவான ஒலியே தாளக்கருவி ஆகிவிடும்.

அதில் வரும் 'ஆடு பாம்பே', நாராயண குருவின் குண்டலினிப் பாட்டிலிருந்து எடுத்தது. 1888இல் நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிய அதே குருதான். தமிழிலும் பதிகம் பாடியவர். நம் பாம்பாட்டிச் சித்தரும் பாட்டுக்குப் பாட்டு பாம்பை ஆடச் சொன்னவர் அல்லவா? அந்தப் பாம்பு, நமக்குள் உறங்கும் குண்டலினி என்பார்கள்.

பழம்பாட்டை மின்கருவியில் ஏற்றினால் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்பச் சுழற்றுவது மின்னிசையின் இயல்பு. ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்வது சித்தர் பாட்டின் இயல்பு. அதனால்தான் இரண்டும் ஒட்டுகின்றன.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் புத்தகத்தில் தேடிப் படிக்காத பாட்டு, அவர்கள் காதுக்குப் பழகிய ஒலியில் வந்து சேர்கிறது. கேட்க வைப்பதை அந்த இளைஞர்கள் செய்துவிட்டார்கள். பொருள் சொல்லும் வேலை நம்முடையது.