சிறுவர் கையும் ஆசனப்பட்டிக் கொளுவியும்: ஒரு வடிவமைப்புப் பிரச்சினை

பண்டமொன்றின் பயன்பெறுமதி அது பயன்படுத்தப்படும்போதே மெய்ம்மை பெறுகின்றது என்பது அரசியற் பொருளாதாரத்தின் பாலபாடங்களில் ஒன்று. மோட்டார்க் காரின் ஆசனப்பட்டியை இவ்வாறு யாரும் நோக்குவதில்லை. பட்டி எவ்வளவு இழுவையைத் தாங்கும், மோதலில் உடலை எவ்வாறு தடுக்கும் என்பனவே பேசப்படுகின்றன. பின்னிருக்கையில் அமர்ந்த ஆறு வயதுச் சிறுமிக்கு அதன் கொளுவி கைக்கு எட்டுகின்றதா என்பது சில்லறை விடயமாகவே கருதப்படுகின்றது. பூட்டப்படாத பட்டிக்குப் பயன்பெறுமதி எதுவுமில்லை என்பதனால், இச்சில்லறை விடயத்தையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

இன்று வழக்கிலுள்ள மூன்றுமுனைப் பட்டியை 1959 இல் சுவீடனின் வொல்வோ நிறுவனத்திற் பணியாற்றிய பொறியியலாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். ஒரு கையாற் பூட்டலாம் என்பது அதன் சிறப்புகளுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அந்தக் கை வளர்ந்தவரின் கை. சிறுவருக்கு அப்பட்டி கழுத்திலும் வயிற்றிலும் விழுந்தது. மோதலில் வயிற்றுறுப்புகளைக் காயப்படுத்தவல்லதாயிற்று. 1978 இல் அதே நிறுவனம் பூஸ்டர் எனப்படும் உயர்த்தி இருக்கையை அறிமுகப்படுத்தியது. சிறுவரின் உடல் உயர, பட்டி இடுப்பெலும்பிலும் தோளிலும் படிந்தது. ஆனால் கொளுவியோ இருந்த இடத்திலேயே இருந்தது.

இதன் விளைவைச் சற்று விரிவாக நோக்குவோம். கொளுவி இப்போது சிறுவரின் இடுப்புக்குக் கீழே, பூஸ்டரின் அடிப்பாகத்துக்கும் இருக்கைக்கும் இடையிற் கிடக்கின்றது. பூஸ்டரின் கைப்பிடி அதனைக் கண்ணிலிருந்தும் மறைக்கின்றது. ஐக்கிய நாடுகளின் 16ஆம் இலக்க ஒழுங்குவிதி, கொளுவியைத் திறக்கும் பொத்தான் சிவப்பாயிருத்தல் வேண்டும் என்றும், கொளுவியின் வேறெப்பகுதியும் அந்நிறத்தில் இருத்தலாகாது என்றும் விதிக்கின்றது. இத்தனை கவனத்துடன் பூசப்பட்ட சிவப்பு, பூஸ்டரின் விளிம்பின் கீழ் யாருக்கும் தெரியாமற் கிடக்கின்றது.

எட்டுவது மட்டும் போதாது. நாக்கைக் கொளுவியினுள் அழுத்துவதற்கு எதிர்விசை தேவை. கொளுவி விறைப்பான தண்டொன்றில் நின்றால் அத்தண்டே எதிர்விசையைத் தரும். ஒரு கை போதும். அது நெகிழும் நாடாவில் தொங்கினால், அழுத்தும்தோறும் அமிழ்ந்து விலகும்; மற்றக் கையாலே அதனைப் பிடித்துக்கொள்ளல் வேண்டும். பின்னிருக்கையைத் தட்டையாக மடித்துப் பொதியேற்றும் வசதிக்கு நெகிழும் நாடாவும் குழியிற் புதைந்த கொளுவியும் உகந்தவை. பெட்டிக்கு இடந்தந்த வடிவமைப்பு சிறுவர் கைக்கு இடந்தரவில்லை.

கார் உற்பத்தியாளர் எந்தப் பூஸ்டர் வாங்கப்படும் என அறியார். பூஸ்டர் உற்பத்தியாளர் அது எந்தக் காரில் வைக்கப்படும் என அறியார். இரு பண்டங்களும் தனித்தனியே சோதனையில் தேறிச் சந்தையில் சந்திக்கின்றன. இணைக்கும் வேலை வீட்டார்மீது, பெரும்பாலும் தாய்மார்மீது, விழுகின்றது.

சிறுவரின் விரல்வலுவைச் சட்டம் அறியாததன்று. ஐக்கிய அமெரிக்காவின் 213ஆம் இலக்க நியமம், சிறுகுழந்தைகளுக்கான இருக்கையின் வார்ப்பூட்டு மோதலுக்கு முந்திய சோதனையில் 40 நியூட்டனுக்குக் குறைந்த விசைக்குத் திறக்கலாகாது, 62 நியூட்டனுக்குள் திறந்துவிட வேண்டும் என்கின்றது. குழந்தை திறந்துவிடாமலும், பெரியவர் விரைவில் திறக்கத்தக்கதாயும் இருத்தலே நோக்கம். சிறுவரைத் தடுப்பதற்கு அவரது கை அளக்கப்பட்டது. அவர் தாமே பூட்டவும் திறக்கவும் வேண்டிய வயதில் அதே அக்கறையைக் காண்பதரிது. ஐரோப்பாவில் 2003 இன் பணிப்புரை 150 சென்ரிமீற்றருக்குக் குறைந்தோரைச் சிறுவர் இருக்கைக்கு உரியவராக்கியது. உறுப்பு நாடுகள் 135 எனவுங் குறைக்கலாம். எனவே பூஸ்டரில் அமர்வோருட் பத்து வயதினரும் உளர்.

இந்த இடைவெளியிலும் வணிகம் புகுந்துள்ளது. பட்டியை நீட்டும் இணைப்புத் துண்டுகள் விற்கப்படுகின்றன. கொளுவி மேலே வரும் என்பது உண்மை. ஆனால் அது வயிற்றின்மீது வந்தமரலாம். இடைப்பட்டியின் கோணமும் கெடும். கைக்கு எட்டுவது உடலைக் காவாமற் போகின்றது. பூஸ்டருடன் இவற்றைப் பயன்படுத்தலாகாதெனப் பல உற்பத்தியாளர் அறிவுறுத்துவது இதனாலேயே. தண்டின் நீளமன்று, அதன் விறைப்பே மாறவேண்டியது என்பது எமது கருத்து. அதுவும் தொழிற்சாலையிற் செய்யப்படவேண்டியது.

வழியே இல்லையென்பதற்கில்லை. 1990 இல் வொல்வோ, காரின் இருக்கையோடு ஒன்றிய பூஸ்டரை வெளியிட்டது. 2007 இல் அதனை இரு உயரங்களில் அமைத்தது. இருக்கையும் பூஸ்டரும் கொளுவியும் ஒரே திட்டத்திற்கு உட்பட்டபோது இடையிற் புதையும் விளிம்பே இல்லாதொழிந்தது. ஆயினும் அது சில கார்களோடு நின்றுவிட்டது. தனியாக விற்கப்படும் பூஸ்டரே இன்றும் பெருவழக்கு.

அதுவரை வீட்டார் செய்யத்தக்கவை சில உள. அடிப்பாகம் ஒடுங்கிய, கொளுவிப் பக்கம் வெட்டி விடப்பட்ட பூஸ்டரைத் தெரிதல் நன்று. வாங்குமுன் அதனைத் தமது காரிலேயே வைத்துச் சிறுவரைப் பூட்டச் சொல்லிப் பார்த்தல் அதனினும் நன்று. உற்பத்தியாளரின் அறிவுறுத்தல் அனுமதிப்பின் பூஸ்டரைக் கதவுப் பக்கமாகச் சிறிது நகர்த்தலாம். சிறுவர் அமருமுன்னரே கொளுவியை வெளியே இழுத்து நிறுத்துதல் வேண்டும்; அமர்ந்த பின்னர் தேடுவதே கடினம். கொளுவிப் பக்கக் கை நாடாவைப் பிடிக்க, மற்றக் கை நாக்கைக் கொண்டுவர வேண்டும் என்ற ஒழுங்கினைக் கார் நிற்கும்போது பயிற்றலாம். பக்கம் மாறி அமர்ந்தாற் கைகளும் மாறும். 'கிளிக்' என்ற ஒலி கேட்டபின் பெரியவர் ஒருவர் பட்டியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதற்குச் சில விநாடிகளே செல்லும்.