கடன் கிடைத்துவிட்டது, வாங்குவது யார்?

காலனியில் ஒரு மளிகைக் கடை. காலையில் பால், மாலையில் வடையும் பஜ்ஜியும். அரிசி, பருப்பு, சோப்பு எல்லாம் உண்டு. விலை ஊர்த் தெருக் கடையைவிட ஒரு ரூபாய்கூட அதிகமில்லை. ஆனாலும் அங்கே வாங்க வருவது காலனி மக்கள் மட்டும்தான். அவர்களும் கூலி கிடைத்த நாளில்தான் ரொக்கம் தருவார்கள். மற்ற நாளெல்லாம் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். ஊர்த் தெருவில் இருந்து ஒருவரும் வருவதில்லை. காலனியின் காசோ ஊர்த் தெருக் கடைக்கும் போகிறது, வாரச் சந்தைக்கும் போகிறது.

இந்தக் காட்சியைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதைப் படிக்கும் பலருக்கும் அப்படி ஒரு கடை நினைவுக்கு வந்திருக்கும். அது சில வருடங்களில் மூடப்பட்டதும் நினைவிருக்கும். மூடிய பிறகு ஊர் என்ன சொல்லும்? "அவங்களுக்கு வியாபாரம் வராது" என்று சொல்லும். கடை வைத்தவருக்கு உழைப்பும் இருந்தது, கடனும் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றுதான்: வாடிக்கையாளர்.

அந்த இடத்தில்தான் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள், அறக்கட்டளைகள், அம்பேத்கர் மன்றங்கள், இளைஞர் நற்பணி மன்றங்களின் வேலை தொடங்குகிறது என்று நாம் கருதுகிறோம். பயிற்சி வகுப்பு நடத்தி, சான்றிதழ் கொடுத்து, குழுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு அவர்கள் வேலை முடிந்துவிடக் கூடாது.

அண்ணலுக்கே நேர்ந்தது

தலித் ஒருவர் கடை விரித்தால் வாங்க ஆள் வராது என்பது படிக்காதவர்களுக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917-ல் நாடு திரும்பிய அண்ணல் அம்பேத்கர், மும்பையில் முதலீடு குறித்து ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வந்த வாடிக்கையாளர்களும் நின்றுபோனார்கள். தொழில் படுத்தது. பொருளாதாரம் கற்ற மேதைக்கே இந்த நிலை என்றால், நம் காலனிப் பெட்டிக்கடைக்காரரை நாம் குறை சொல்ல முடியுமா?

அதன் பிறகு அண்ணல் செய்ததையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1924 ஜூலையில் மும்பையில் 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா' என்ற அமைப்பைத் தொடங்கினார். 'கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர்' என்ற முழக்கத்தோடு நாம் சேர்த்து நினைக்கும் அமைப்பு அது. மாணவர் விடுதி, நூலகம், படிப்பகம் ஆகியவை அதன் நோக்கங்களில் இருந்தன. தொழிற்பள்ளிகளும் வேளாண் பள்ளிகளும் தொடங்கி மக்களின் பொருளாதார நிலையை உயர்த்துவதும் அவற்றில் ஒன்றாக இருந்தது. படிப்பும் பிழைப்பும் ஒன்றாகவே வளர வேண்டும் என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டிருந்தார்.

சோற்றில் பார்த்த சாதி

'அதெல்லாம் அந்தக் காலம்' என்று சிலர் சொல்வார்கள். 2023-ஐ நினைத்துப் பார்ப்போம். அரசுப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்ட ஆண்டு அது. சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். கரூர் மாவட்டத்தின் பள்ளி ஒன்றில், சமைப்பவர் பட்டியல் சமூகத்துப் பெண் என்பதால் தங்கள் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம் என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அந்த உணவைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

அரசின் அரிசி, அரசின் பருப்பு, அரசின் கட்டடம். காசும் கொடுக்க வேண்டாம். அப்படி இருந்தும் கையைப் பார்த்தார்கள். அப்படியென்றால் அதே பெண் சொந்தமாக இட்லிக் கடை போட்டால் என்ன ஆகும்? ஆட்சியர் தினமும் வந்து சாப்பிட முடியுமா? கடன், மானியம் என்று பேசும்போது நாம் மறந்துவிடும் கேள்வி இதுதான்.

குத்தம்பாக்கம் சொல்லும் பாடம்

புதிய பேருந்து முனையத்தால் இன்று பலருக்கும் தெரிந்த பெயர் குத்தம்பாக்கம். நம் திருவள்ளூர் மாவட்டத்தின் பூந்தமல்லி ஒன்றியத்தில் உள்ள அந்த ஊராட்சிக்கு வேறொரு வரலாறும் உண்டு. அங்கே தலித் குடும்பத்தில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர் இளங்கோ ரங்கசாமி. வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996-ல் ஊராட்சித் தலைவரானார். 2001-ல் மீண்டும் வென்றார். ஊராட்சிகளின் தன்னாட்சிக்காக ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஊர் மக்கள் மாதாமாதம் என்னென்ன வாங்குகிறார்கள்? அதில் எவ்வளவை ஊரிலேயே செய்ய முடியும்? நெல்லையும் வேர்க்கடலையையும் மூட்டையாக வெளியே அனுப்புகிறோம். அவையே அரிசியாகவும் எண்ணெயாகவும் கூடுதல் விலையில் திரும்பி வருகின்றன. இடையில் உள்ள வேலையும் கூலியும் லாபமும் வெளியூருக்குப் போய்விடுகின்றன. பருப்பு உடைப்பது, எண்ணெய் ஆட்டுவது, கட்டுமானத்துக்கு மண்கட்டி அழுத்துவது போன்றவற்றை ஊரிலேயே செய்தால் அந்தக் காசு ஊருக்குள் சுற்றும். பக்கத்து ஊர்களும் சேர்ந்துகொண்டால், ஒரு ஊர் செய்வதை மற்றொரு ஊர் வாங்கும். ஊர்களை இப்படிச் சங்கிலியாகக் கோப்பதுதான் அவர் முன்வைத்த பொருளாதாரம்.

இதைச் செய்துபார்ப்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. கால்வாய் கட்டும் வேலைக்கு, மதிப்பீட்டில் சொல்லப்பட்ட கல்லுக்குப் பதிலாக, அருகில் இருந்த கல் மெருகேற்றும் ஆலைகளில் மலிவாகக் கிடைத்த கழிவுக் கல்லை ஊராட்சி பயன்படுத்தியது. செலவு குறைந்தது, ஆனால் விதியை மீறியதாகச் சொல்லித் தலைவரைப் பதவி நீக்கம் செய்தார்கள். கிராம சபை அவர் பக்கம் நின்றது. அவர் மீண்டும் பதவிக்கு வந்தார். பக்கத்தில் இருக்கும் சிறு ஆலையிடம் வாங்குவதற்குக்கூட ஊர் ஒன்றுபட்டு நிற்க வேண்டியிருந்தது.

அங்கே கட்டப்பட்ட சமத்துவபுரத்தையும் சொல்ல வேண்டும். 50 இரட்டை வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம். நடுவில் ஒரே சுவர். உள்ளூர் மண்ணில் அழுத்திய கட்டிகளைக் கொண்டு, உள்ளூர் ஆட்களைக் கொண்டே கட்டினார்கள். வீடு கட்டிய பணத்தில் ஒரு பகுதி கூலியாக ஊருக்குள்ளேயே தங்கியது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீட்டார் ஒருவர் கடையில் மற்றவர் வாங்குவதும் எளிதாகிறது.

அமைப்புகள் செய்யக்கூடியவை

குத்தம்பாக்கத்தில் ஊராட்சியும் அறக்கட்டளையும் ஒருவர் கையில் இருந்தன. எல்லா ஊருக்கும் அது வாய்க்காது. ஆனால் எந்த ஊரிலும் ஒரு சிறு அமைப்பு செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு.

முதல் வேலை, காகிதம். தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர் பலர் விண்ணப்பத்திலேயே களைத்துப்போகிறார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. அதற்கும் காசு வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மூலதன மானியம் உண்டு, உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய். கடன் வட்டியில் 6 சதவீத மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். 1974-ல் தொடங்கப்பட்ட தாட்கோவும் இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை, விவரம் தெரிந்த ஒருவர் படிப்பகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாலே தரகரின் வேலை பாதி போய்விடும்.

இரண்டாவது, முதல் ஆர்டர். பயிற்சிக் கூட்டம் நடத்தும் தொண்டு நிறுவனம் மதியச் சாப்பாட்டை எங்கே வாங்குகிறது? துண்டறிக்கையை எங்கே அச்சடிக்கிறது? வேனை யாரிடம் வாடகைக்கு எடுக்கிறது? காலனி மக்களின் முன்னேற்றத்துக்கு என்று வந்த நிதியில், காலனிக் கடையில் செலவானது எவ்வளவு என்று ஒவ்வொரு அமைப்பும் தன் வரவு செலவு நோட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். கூட்டத்துக்கு வரும் எல்லாச் சாதியினரும் அந்தப் பெண் சமைத்த சாப்பாட்டை ஒரே பந்தியில் சாப்பிட்டால், அந்த இட்லிக் கடைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா?

மூன்றாவது, நல்லெண்ணம் உள்ள சிறு முதலாளிகளைக் கூட்டாளிகளாக்குவது. செக்கு வைத்திருப்பவர், தையல் கடைக்காரர், பட்டறை நடத்துபவர் என எல்லா ஊரிலும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குத் தொழில் தெரிந்த கைகள் வேண்டும். நம் இளைஞர்களுக்குத் தொழில் பழக இடம் வேண்டும். வாய்ப்பேச்சாக விடாமல் அமைப்பு நடுவில் நின்று கூலி, வேலை நேரம், பழகும் காலம் எல்லாவற்றையும் எழுத்தில் பேசி முடிக்க வேண்டும். எழுத்தில் இல்லையென்றால் பயிற்சி என்ற பெயரில் சம்பளமில்லாத வேலைதான் மிஞ்சும்.

நான்காவது, பாக்கியை வசூலிக்கத் துணை நிற்பது. திருமழிசையிலும் காக்களூரிலும் அம்பத்தூரிலும் பெரிய ஆலைகளுக்குப் பொருள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் உண்டு. பொருளை ஏற்றுக்கொண்ட நிறுவனம் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். உத்யம் பதிவு பெற்ற பட்டறைக்காரர் இணையவழியில் முறையிடலாம். பெரிய நிறுவனத்தைப் பகைத்துக்கொண்டால் அடுத்த ஆர்டர் வராதே என்று தனி ஆள் பயப்படுவது இயல்பு. பத்துப் பட்டறைக்காரர்கள் சங்கமாக நின்றால் அந்தப் பயம் குறையும்.

ஐந்தாவது, அரசின் கொள்முதல் கதவைத் தட்டுவது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது கொள்கை. அந்த 25-ல் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு உரியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எண்ணூரில் காமராஜர் துறைமுகமும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்த 4 சதவீதத்தைக் கேட்க நம் ஊரில் இருந்து எத்தனை பேர் போயிருக்கிறோம்?

அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்ட நிதி இருக்கும் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு, நிதி நின்றதும் அலுவலகத்தைக் காலி செய்யும் அமைப்புகளையும் நம் மக்கள் பார்த்திருக்கிறார்கள். வாங்கிக் கொடுத்த தையல் இயந்திரம் மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். இயந்திரம் கொடுத்தவர்கள், யார் துணி கொண்டுவந்து தைக்கக் கொடுப்பார்கள் என்று யோசிக்கவில்லை. ஆண்டறிக்கையில் 'பயனாளிகள்' எண்ணிக்கை மட்டும் ஏறியது.

எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பது கணக்கல்ல. மூன்று வருடம் கழித்து எத்தனை கடை திறந்திருக்கிறது, அவற்றில் ஊர்த் தெருவில் இருந்து எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதுதான் கணக்கு. கடை நிமிர்ந்துவிட்டால் அமைப்பு விலகிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். கடைசிவரை கைப்பிடித்துக்கொண்டே இருந்தால், பண்ணையாரின் இடத்தில் தொண்டு நிறுவனம் வந்து உட்கார்ந்ததாகிவிடும்.

படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த விடுமுறையில் நான்கைந்து பேராகச் சேர்ந்து உங்கள் ஊரில் இருபது வீடுகளில் கேளுங்கள். மாதம் என்னென்ன வாங்குகிறீர்கள், யாரிடம் வாங்குகிறீர்கள், காலனிக் கடையில் ஏன் வாங்குவதில்லை? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லப் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கைப் படிப்பகத்தில் ஒட்டுங்கள். அடுத்த கிராம சபையில் படியுங்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் ஊராட்சிக்கும் தேவையானவற்றில் காலனிச் சிறுதொழிலார்களிடம் எதை வாங்கலாம் என்று அங்கேயே கேளுங்கள்.

காலனியில் கடை வைத்திருப்பவர் நம்மிடம் இரக்கத்தைக் கேட்கவில்லை. சரியான எடையில், சரியான விலையில் விற்கிறார். நாளை காலை பால் வாங்கக் கிளம்பும்போது, நாம் எந்தத் தெருப் பக்கம் நடக்கப்போகிறோம் என்பதுதான் கேள்வி.